ராட்டினத்தின் உச்சியில் ஒரு சம்மதம்

எழும்பூரில் மாலை ஏறிய ரயில் காலையில் விருதுநகரைத் தாண்டியது. ராஜபாளையத்தில் நாற்பது காசுக்குத் தேநீர் வாங்கிக் குடித்தேன். வலப்பக்க ஜன்னல் முழுவதும் மலை. ஆக்ராவிலிருந்து மூன்றாம் நாளாகப் பயணம் செய்கிறேன் என்ற அலுப்பு அதைப் பார்த்ததும் போய்விட்டது.

எதிரே இருந்தவர் புளியங்குடி எலுமிச்சை வியாபாரி. என் பச்சை டிரங்குப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "பட்டாளமா தம்பி? எங்கன வேலை?" என்றார்.

முதலில் லடாக்கில் காலாட்படைக் காவல், பிறகு கமாண்டோ படைக்கு விருப்பம் தெரிவித்துத் தேறியது, ஆக்ராவில் பாராசூட் பயிற்சி எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏரோப்பிளேன்ல இருந்து குதிக்கியளா? எதுக்கு தம்பி, அதுதான் தானா தரைக்கு வருமே?"

ரயில் பெட்டியில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஒரு விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. "வீட்டில் கேட்டுவிட்டு வா. வேண்டாமென்றால் பழைய பட்டாலியனுக்கே போகலாம், ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள்" என்று எங்கள் மேஜர் விடுப்புக் கொடுத்திருந்தார். அந்தக் கேள்வியைத்தான் ஊருக்குச் சுமந்து வந்தேன்.

சங்கரன்கோவில் நிலையத்தில் என் மனைவி பேச்சியம்மாள் நின்றாள். அன்று அம்மன் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா. பத்து கிலோமீட்டர் தள்ளியிருந்த கரிவலம்வந்தநல்லூரிலிருந்து, நிற்க இடமில்லாத பேருந்தில் வந்திருந்தாள்.

"வீட்டுக்குப் பெறவு போவோம். மொதல்ல தபசு பாக்கணும்" என்றாள்.

மாலையில் ரத வீதியில் தலைகள்தான் தெரிந்தன. விவசாயிகள் தங்கள் வயலில் விளைந்த மிளகாயையும் பருத்தியையும் அம்மன் சப்பரத்தின் மேல் வீசினார்கள். கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும் அவள் ராட்டினத்தைக் காட்டினாள். ஆளுக்கு ஐம்பது காசு.

உச்சிக்குப் போனபோது கீழே ஆள் ஏற்றுவதற்காக நிறுத்தினார்கள். தொட்டில் ஆடியது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அங்கே வைத்துத்தான் மேஜர் கேட்டுவரச் சொன்னதைச் சொன்னேன்.

கோபுரத்தைப் பார்த்தபடியே கேட்டாள், "குதிக்கயில பயமா இருக்காதா?"

"வாசல்ல நிக்கயில இருக்கும். பாராசூட் குடை விரிஞ்சிட்டா ஒரு சத்தமும் இருக்காது, பேச்சி. காத்து மட்டுந்தான்."

"நான் வேண்டாம்னு சொன்னா பழைய எடத்துக்கே போயிருவியளா?"

"போயிருவேன்."

"மனசு அங்கனயே கெடக்குமே."

ராட்டினம் அசைந்து இறங்கத் தொடங்கியது.

"போங்க. ஆனா எங்க போறீய, என்ன செய்யுதியன்னு எனக்குச் சொல்லணும்."

"சொல்ல விடமாட்டாங்கட்டி."

"அப்ப வந்தபெறவு சொல்லுங்க. நான் கேக்காம, நீங்களா சொல்லணும்."

சரி என்றேன். தரைக்கு வந்ததும் இன்னொரு சுற்றுக்கு அவளே சீட்டு வாங்கினாள். இந்தமுறை உச்சியில் என் கையைப் பிடிக்கவில்லை. ஊரைச் சுற்றிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

விடுப்பு எப்படித் தீர்ந்ததென்று தெரியவில்லை. லடாக்குக்கு நான் முதன்முதலாகப் புறப்பட்டபோது இதே நிலையத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றவள், இப்போது என்னை வழியனுப்ப வந்து, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத அம்மாளிடம் ஏதோ மும்முரமாக விளக்கிக்கொண்டிருந்தாள். ரயில் நகர்ந்தது. நான் கையை அசைத்தேன். அவள் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் அகல விரித்து, குடை எப்படித் திறக்கும் என்று காட்டிக்கொண்டிருந்தாள்.