சந்தையில் போட்ட தடுப்பூசி

இன்று காவலூர் பஸ்ஸில் சின்னப்பொண்ணு அக்காவைப் பார்த்தேன். "நர்ஸம்மா, நல்லாக்கிறீங்களா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

எண்பதுகளில் நெல்லிவாசல்நாடு என்ற மலைக்கிராமத்தில் நான் கிராம நர்ஸ். மலையெங்கும் கக்குவான் இருமல். புதன்கிழமைதோறும் சுகாதார நிலையத்தில் தடுப்பூசியோடு காத்திருப்பேன். ஒரு குழந்தையும் வராது. ஊசிக்குப் பயப்படுகிறார்கள் என்றே நினைத்தேன்.

ஒரு புதன்கிழமை, புளி மூட்டையோடு போன இந்த அக்காவை நிறுத்திக் கேட்டேன்.

"பயம் இன்னா பயம்? புதன்கிழமை எங்களுக்குச் சந்தைங்க. புளி வித்தாத்தான் வூட்ல சோறு."

அடுத்த வாரம் ஐஸ் பெட்டியோடு நானும் சந்தைக்கே போனேன். முதல் ஆளாகத் தன் மகளை நீட்டியவர் அக்காதான். கொண்டுபோன மருந்து மதியத்துக்குள் தீர்ந்துவிட்டது.

ஏன் வரவில்லை என்று கேட்க எனக்கு எட்டு மாதம் பிடித்தது. உங்கள் ஆபீஸில் எப்படி, யாராவது வராவிட்டால் ஏன் என்று சீக்கிரமே கேட்டுவிடுவீர்களா?