யார் வந்தாலும் எழுந்திருக்காத வகுப்பு

இன்று என் வகுப்பு அமைதியாக இருந்தது.

அதனால்தான் மாட்டிக்கொண்டேன்.

கள்ளிக்குப்பத்தில் ஒரு சின்னப் பள்ளி. நான் அங்கே ஒன்றாம் வகுப்பு மிஸ். சேர்ந்து சில மாதங்கள்தான். பிரின்ஸிபல் மேடம் வந்து, நான் பாடம் நடத்துவதைப் பார்த்து, சரி என்று சொன்னால்தான் வேலை நிரந்தரம். "இந்த வாரம் ஒருநாள் வருவேன்" என்றிருந்தார். எந்த நாள் என்று சொல்லவில்லை.

வாசலில் எந்தப் பெரியவர் தலை தெரிந்தாலும் பிள்ளைகள் எழுந்து, ராகம் போட்டு, குட்மார்னிங் சொல்ல வேண்டும். பள்ளி வழக்கம். எழுந்தால் பெஞ்ச் இழுபடும். பெஞ்ச் இழுபட்டால் தண்ணீர் பாட்டில் விழும். விழுந்தால், யார் தள்ளியது என்று வழக்கு. (நீதிபதி நான்.)

காலையில் கழித்தல் ஆரம்பித்தேன். ஆயாம்மா சர்க்குலரோடு வந்தார்.

"குட்... மார்... னிங்... ஆயாம்மா..."

"இன்னா மிஸ் இது? ஒரு பேப்பர் குடுக்க வந்தா கச்சேரி வெக்கறாங்கோ."

கத்தி உட்கார வைத்தேன். சாவியை மறந்துவிட்டு ஆயாம்மா திரும்பி வந்தார். மறுபடியும் கச்சேரி.

"மிஸ், இவன் என் கால மிதிச்சிட்டான்."

"அவதான் மிஸ் கால நடுவுல வெச்சா."

பலகையைத் தட்டினேன்.

"இனிமே யார் வந்தாலும் எழுந்திரிக்கக் கூடாது. குட்மார்னிங் கிடையாது. வாய்மேல விரல். நான் சொல்ற வரைக்கும் எடுக்கக் கூடாது."

முன் பெஞ்ச் தன்ஷிகா கேட்டாள். "சாமி வந்தா மிஸ்?"

"சாமி வந்தாலும்."

அத்துடன் என் தொண்டை போய்விட்டது.

ஆனால் அமைதி. இந்த அறையின் மின்விசிறிக்கு ஒரு சத்தம் உண்டு என்பதே அப்போதுதான் தெரிந்தது. நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிரின்ஸிபல் உள்ளே வந்தார்.

ஒருவரும் எழவில்லை. வாய்மேல் விரலோடு அவரையே பார்த்தார்கள்.

"குட்மார்னிங் சில்ட்ரன்."

மின்விசிறி.

"அஞ்சுல ரெண்டு போனா எவ்ளோ?"

விரலை எடுங்கள் என்று சொல்ல வாய் திறந்தேன். காற்றுதான் வந்தது. கையை ஆட்டினேன். இன்னும் அழுத்திப் பொத்திக்கொண்டார்கள். தன்ஷிகா மட்டும் மறு கையில் மூன்று விரல் காட்டினாள்.

"என்ன மிஸ், விஷ் பண்ணக்கூட சொல்லிக்குடுக்கலையா?"

தன்ஷிகாவுக்குப் பொறுக்கவில்லை. விரலை எடுக்காமலே சொன்னாள். "மிஸ்தான் மேடம் சொன்னாங்க. யார் வந்தாலும் எழுந்திரிக்கக் கூடாதாம். சாமி வந்தாலும்."

பிரின்ஸிபல் வாசல் பக்கம் திரும்பினார்.

வருகிறவர்களுக்குத்தான் தடை போட்டிருந்தேன். போகிறவர்களைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். மொத்த வகுப்பும் எழுந்தது. பெஞ்சுகள். பாட்டில்கள்.

"தேங்... க்யூ... மேடம்..."

அவர் வாசலில் நின்றார்.

"வந்தப்ப வாயே தொறக்கல. போறப்ப மட்டும் இவ்ளோ சந்தோஷமா?"

சிரித்தாரா, தெரியவில்லை. முதுகுதான் தெரிந்தது. "நாளைக்குத் திரும்ப வர்றேன்."

இப்போது வீட்டில் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துக்கொண்டிருக்கிறேன்.

பிரின்ஸிபல் மேடம் வந்தால் மட்டும் எழுந்திருங்கள் என்று நாளை சொல்லலாம். ஆயாம்மாவுக்கு ஏன் கூடாது என்று தன்ஷிகா கேட்பாள்.

ஒன்றாம் வகுப்பு எடுப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அவளுக்கு என்ன பதில் சொல்வது?