எமிலியின் மரமும் எங்கள் இடியாப்பமும்

பழைய பதிவேடுகளின் படச்சுருளைப் பெரிதாக்கிக் காட்டும் மைக்ரோஃபிலிம் கருவியின் விளக்கு சூடேறியதும் சுருளிலிருந்து ஊறுகாய் ஜாடியைத் திறந்ததுபோல் ஒரு புளித்த நெடி கிளம்பும். தொண்ணூறுகளின் நடுவில், அமெரிக்காவில் பிரிட்ஜ்வாட்டரில் ஆறாம் வகுப்பு படித்த நான், ஒரு குளிர்காலம் முழுக்க நூலகத்தின் அடித்தளத்தில் அந்த நெடியை முகர்ந்தபடி தேடியது என் பூர்வீகத்தை அல்ல, எமிலி பிக்கெட்டின் பூர்வீகத்தை. இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, ஒருவர் குடும்ப மரத்தை மற்றவர் வரைய வேண்டும் என்பது டீச்சரின் யோசனை.

எமிலியின் முன்னோர் இங்கிலாந்தில் ஏதோ ஒரு குக்கிராமத்தார். யார் ஞானஸ்நானம் பெற்றார்கள், யார் யாரை மணந்தார்கள், யாரை எப்போது புதைத்தார்கள் என்று அந்த ஊர்த் தேவாலயம் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்திருந்தது. அந்தப் பதிவேட்டின் படச்சுருளும், கல்லறை எழுத்துகளைப் படியெடுத்த சிறு புத்தகமும், எந்த வயல் யாருடையது என்ற வரைபடமும் தபாலில் எங்கள் நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. எங்கள் பக்கமோ ஆதாரம் என்றால் அம்மாதான்.

எமிலி நோட்டும் ஸ்கேலுமாக எங்கள் சமையலறை மேசையில் வந்து உட்கார்ந்த சனிக்கிழமை எனக்கு ஒரே கவலை. காரணம், அம்மாவின் அக்கா, அதாவது என் பெரியம்மா, மணந்துகொண்டது சொந்தத் தாய்மாமனை. எங்கள் வீட்டில் அது “முறை”. வகுப்பில் தெரிந்தால், டிபன் பாக்ஸ் சாம்பார் சாதத்தால் ஏற்கெனவே நான் அடைந்திருந்த புகழ் பன்மடங்காகிவிடும்.

ஆகவே மொழிபெயர்ப்பாளர் பதவியை நானாகவே ஏற்றேன். பெரியப்பா யார் வீட்டுப் பிள்ளை என்று எமிலி கேட்டதும், அவர் வேறு ஊர்க்காரர், எங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது என்று ஆங்கிலத்தில் அளந்துவிட்டேன். தினமும் ஆபீசில் ஆங்கிலத்தில் மீட்டிங் நடத்துகிற அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள் என்பது எப்படி மறந்ததோ.

“டேய், எங்க மாமாவைத் தெரியாதா உனக்கு? போன சண்டே ஃபோன்ல அவர்கிட்ட சைக்கிள் கேட்டது யாரு?”

பிறகு எமிலியிடம் திரும்பி, அவர் தன் அம்மாவின் தம்பி, அக்காவின் கணவரும்கூட என்று அழகான ஆங்கிலத்தில் விளக்கினாள். எமிலி மேல்வரிசைத் தம்பியிடமிருந்து ஒரு கோட்டை இழுத்துக் கீழ்வரிசை அக்கா மகளிடம் முடித்தாள், அழித்தாள், மறுபடி இழுத்தாள். அவர்கள் பையன் பாபு எனக்கு அண்ணன், அம்மாவுக்கோ மாமா பையன் என்று தெரிந்தபோது ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டாள். மரமாக ஆரம்பித்தது இடியாப்பமாகியிருந்தது.

அவள் போனதும், “அதை மட்டும் விட்டுடச் சொல்லும்மா,” என்று கெஞ்சினேன்.

“எதுக்கு? திருட்டுக் கல்யாணமா பண்ணாங்க? பத்திரிகை அடிச்சு ஊரையே கூப்பிட்டாங்கடா.”

பழிக்குப் பழிதான் ஒரே வழி. எமிலியின் வம்சத்தில் ஒரு குதிரைத் திருடனாவது அகப்படாமலா போவான் என்று சுருளைச் சுற்றினேன். திருடன் அகப்படவில்லை. ஒரு கல்யாணம் அகப்பட்டது: மாப்பிள்ளையும் பிக்கெட், பெண்ணும் பிக்கெட். கல்லறைப் புத்தகத்தைப் புரட்டினால் இருவரின் அப்பாக்களும் அண்ணன் தம்பி. வரைபடத்தில் இருவர் வயலும் அடுத்தடுத்து. அடுத்த தலைமுறையிலும் அதே கதை.

வெற்றிக் களிப்போடு அம்மாவிடம் ஓடினேன். அவள் முகம் வெளிறியது. “அண்ணன் தம்பி பிள்ளைங்களா? அது அண்ணன் தங்கச்சி முறைடா. பாவம் அந்தப் பொண்ணு, இதைப் போய் எல்லார் முன்னாடியும் மாட்டப்போறியா?”

மாட்டினோம், இரண்டையும். பெற்றோர் வந்த மாலையில் எமிலியின் அப்பா எங்கள் இடியாப்பத்தின் முன்னும், என் அம்மா பிக்கெட் மரத்தின் முன்னும் வெகுநேரம் நின்றார்கள். பிறகு ஒருவரையொருவர் மிகுந்த பரிதாபத்தோடு பார்த்துக்கொண்டார்கள். கவலைப்படாதீர்கள், நிலமாவது வெளியே போகாமல் இருந்ததே என்று அம்மா அவருக்கு ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னாள். வகுப்போ எங்களைத் திரும்பியே பார்க்கவில்லை. எவனோ ஒருவன் தன் கொள்ளுத்தாத்தா சர்க்கஸ் சிங்கத்தோடு நிற்கும் படத்தைக் கொண்டுவந்திருந்தான்.

அந்த அடித்தளத்தில் இப்போது கருவியும் இல்லை, சுருளும் இல்லை. எங்கள் குடும்பத்திலும் பெரியம்மாவுக்குப் பிறகு யாரும் முறை பார்த்துக் கட்டவில்லை. பாபு அண்ணன்கூட டெக்சஸில் ரவுண்ட் ராக் ஊரில் தன்னோடு வேலை செய்த பெண்ணைத்தான் கட்டினான். போன மாதம் என் மகள் கம்ப்யூட்டரில் எங்கள் மரத்தை வரைந்து காட்டினாள். நான் அன்று ஏங்கியபடியே ஒரு கோடும் குறுக்கே ஓடாத, சுத்தமான மரம்.

அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டு நிதானமாகப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்கும் பொண்ணு வீட்டுக்கும் ஒரு சண்டைன்னா, ரெண்டு பக்கத்துக்கும் பொதுவாப் பேச நடுவுல ஒரு ஆள்கூட இல்லியேடா.”