கண்மாய்க்குள் மேலத்தெரு

ஆலங்குடி ஜவுளிக்கடையில் வருடக்கணக்காக நின்றே வேலை பார்த்த ஷர்லிக்கு, உட்கார்ந்து பார்க்கும் இந்த வேலை எப்படியாவது கிடைத்தாக வேண்டும். குடிநீர்க் குழாய் போடுவதற்காக ஊர்களைக் கணினியில் வரைந்து கொடுக்கும் சின்ன அலுவலகம். சாயங்காலத்துக்குள் ஓர் ஊரைத் தப்பில்லாமல் வரைந்து முடித்தால் வேலை நிச்சயம் என்றிருந்தார் முதலாளி ரெங்கராஜ்.

மவுஸின் சக்கரத்தை உருட்டினால் பூமி பந்தாகிப் பின்னால் ஓடியது. மாற்றி உருட்டினால் யாரோ வீட்டு வைக்கோல்போரில் தொப்பென்று விழுந்தாள். தலை சுற்றியது, சிரிப்பும் வந்தது. கோயிலை மட்டும் குறித்திருந்தாள்; அதற்குள் நெட் நின்று, செயற்கைக்கோள் படம் மறைந்துவிட்டது. வெறும் திரையிலாவது தெருக்களைப் போட்டு வைக்கலாமென்று, அந்த ஊரில் தண்ணீர் திறந்துவிடும் பிச்சைமுத்துவுக்குப் போன் செய்தாள்.

“கோயில் நடுவுல. அதுக்கு மேல, கொஞ்சம் தள்ளி மேலத்தெரு. மேலப் பாத்து நின்னா சோத்தாங்கைப் பக்கம் வடக்குத்தெரு, பீச்சாங்கைப் பக்கம் தெக்குத்தெரு. முதுகுக்குப் பின்னாடி கீழத்தெரு. போதுமா ஆத்தா?”

மேலத்தெருவைத் திரையின் மேலே, கீழத்தெருவைக் கீழே, மற்ற இரண்டையும் வலதும் இடதுமாக வரைந்தாள்.

மதியம் நெட் வந்தது. கோயில் மட்டும் சரி. மேலத்தெரு முழுவதும் தண்ணீருக்குள் கிடந்தது.

“அண்ணே, ஒங்க மேலத்தெரு கண்மாய்க்குள்ள கெடக்கு!”

“அடியாத்தி! அங்கிட்டுத்தானே என் வீடு. மாடு என்னாச்சு?”

“நீச்சலடிக்குது. மேலன்னா எங்கிட்டுண்ணே?”

“இதென்ன கேள்வி? பொழுது எங்கிட்டு அடையுதோ அங்கிட்டு.”

ஷர்லி தலையில் அடித்துக்கொண்டாள். அவள் ஊரிலும் மேல என்றால் மேற்குதான். திரையைப் பார்த்ததும் அது உச்சியாகிவிட்டது. திரையின் உச்சியோ வடக்கு!

அழிக்கப் போன கை நின்றது. எல்லாத் தெருவும் ஒரே மாதிரிதானே திரும்பியிருக்கிறது? மொத்தமாகப் பிடித்து, கோயிலை அச்சாக வைத்து, இடப்பக்கம் கால் சுற்றுத் திருப்பினாள். தெருக்கள் ராட்டினம் போலச் சுழன்று, வீடுகளுக்கு நடுவே தத்தம் இடத்தில் போய் அமர்ந்தன. அங்கங்கே விலகியிருந்த ஓரங்களை இழுத்துச் சரிசெய்தாள்.

“அண்ணே, மாடு கரையேறிருச்சு!”

சாயங்காலம் ரெங்கராஜ் தெருத்தெருவாகப் பார்த்தார். குறை தெரியவில்லை. மானிட்டரின் இடது ஓரத்தில் ‘மேல’, வலது ஓரத்தில் ‘கீழ’ என்று ஒட்டியிருந்த காகிதங்கள்தாம் கண்ணில் பட்டன.

“என்னங்க ஷர்லி, மானிட்டரு சாஞ்சு கெடக்கா?”

“இல்ல சார், பொழுது இங்கிட்டு அடையும்.”

“சரிங்க, அங்கிட்டு விடிஞ்சதும் வந்து உக்காருங்க.”

நன்றி சொல்ல எழுந்தவள், மறுபடி உட்கார்ந்து, சுழல் நாற்காலியில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாள்.