படத்துக்குள் இருந்த வீட்டு விலாசம்

கல்முனையில் ஒரு ஸ்டூடியோவின் பெண்கள் பகுதியில் ஓய்வு பெறும் வரை வேலை செய்தேன். எங்கள் முஸ்லிம் பெண்களின் படங்களைப் பெண்களே திருத்த வேண்டுமென்று தனியாகப் போட்ட அறை அது. உள்ளே ஆண்கள் வரக்கூடாது. பிள்ளைகளைப் பெற்ற வாப்பாமார் வாசல் திரைக்கு வெளியே நின்றபடியே எங்களை ஆட்டி வைப்பார்கள். இப்போது அங்கே வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

ஒருநாள் ஹாட்வெயார் கடை ஹாஜியார் தன் போனைத் திரைக்குள் நீட்டினார். மகள் ஸுஹைராவை வீட்டு முற்றத்தில் நிற்கவைத்து எடுத்த படம். கலியாணப் புரோக்கருக்கு அனுப்ப வேண்டும். ஆனால் பேச்சு சரிவரும் வரை அது யார் வீட்டுப் பிள்ளை என்று மாப்பிள்ளை பகுதிக்குத் தெரியக்கூடாது. முன்பு ஒரு பேச்சு முறிந்து, பாவம், அந்தப் பிள்ளையை ஊர் வாய்க்கு வந்தபடி கதைத்திருந்தது. இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம். மேல்மாடி முடிந்துவிட்டதென்று ஹாஜியார் புரோக்கரிடம் சொல்லியிருந்தார். மேலே கம்பி நீட்டிய தூண்கள்தான் நின்றன.

"கேற் நம்பர அழிங்க. மறுகா பள்ளி மினாராவ எடுங்க. அந்தப் பூனையையும் எடுங்க, அது ஊரெல்லாம் திரியிற பூன."

எல்லாவற்றையும் எடுத்தேன். மூத்த ஆண்களை அண்ணன் முறையில் காக்கா என்பது எங்கள் வழக்கம். "காக்கா, போன்ல லொகேஷன் போட்டு எடுத்திரிக்கிங்க. படத்துக்குள்ள இடம் பதிஞ்சிரிக்கி. எடுக்கட்டா?" என்று கேட்டேன்.

"எங்க இரிக்கி? எனக்குத் தெரியல்லியே. ஒண்டும் எடுக்காதீங்க தங்கச்சி, படத்துட எம்பி குறைஞ்சா புள்ளட நிறமும் குறைஞ்சிரும்."

வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பியிருந்தாலாவது அந்த விவரம் கழன்றிருக்கும். படம் மங்கிவிடுமென்று புரோக்கருக்கு டொக்கியுமெண்டாகவே அனுப்பினார்.

அடுத்த நாள் ஒரு வேன் நேராக அவர் கேற்றடியில் வந்து நின்றது. மாப்பிள்ளையின் உம்மாவும் சகோதரிகளும். ஸுஹைரா பின்வளவில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு ஸலாம் சொல்லிவிட்டு எல்லோரும் மாடிப்படி ஏறினார்கள். இறங்கி வந்த உம்மா சொன்னார்: "படத்துல புள்ள தெளிவாத்தான் இரிக்கி. மேல்மாடிதான் தெளிவில்ல."

ஹாஜியார் மகளையும் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு ஓடிவந்தார். "என்னத்தப் படத்துக்குள்ள வெச்சிங்க?"

அந்தப் படத்திலிருந்த இடத்தை மெப்பில் போட்டுக் காட்டினேன். மேலிருந்து பார்க்க அவர் வீடு மொட்டையாகத் தெரிந்தது. கொஞ்சம் யோசித்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"இடத்த மாத்திப் போடவும் ஏலுமா தங்கச்சி? எங்கட தம்பிட வீடு மேல்மாடியோட முடிஞ்சிட்டு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாய் திறக்குமுன் ஸுஹைரா கேட்டாள்: "அப்ப கலியாணத்தண்டு மாப்பிள்ளைய எங்க கூட்டிப் போற, வாப்பா?"

அவரிடம் போனை வாங்கிக்கொண்டு திரைக்குள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கெமரா செட்டிங்கில் லொகேஷனை நிறுத்துவது, பழைய படங்களின் விவரத்தில் உள்ள இடத்தை நீக்குவது, இரண்டையும் காட்டிக் கொடுத்தேன். தானே செய்து பார்த்தாள். பிறகு புரோக்கருக்குக் குரல் பதிவு அனுப்பினாள்.

"மேல்மாடி இன்னம் முடியல்ல. வீடு பாக்க இனி ஒருத்தரும் வரவேணாம். என்னப் பாக்க வாறவங்க இரிந்தாச் சொல்லுங்க."

திரைக்கு வெளியே ஹாஜியார் இருமினார்.

அன்றிலிருந்து படத்தில் எதை விடுவது, எதை எடுப்பது என்று நான் வாப்பாமாரிடம் கேட்டதில்லை. படத்தில் இருக்கும் பிள்ளையிடம்தான் கேட்டேன்.