தொட்டுச் சொன்ன மூன்று சொற்கள்

அவருடைய பெயர் மறந்துபோயிற்று. முழங்கை கிழிந்த நீலச் சுவெட்டர்தான் நினைவிருக்கிறது. எண்பதுகளில் பிரெஞ்சு நகரப் பகுதியான லா சப்பலில் ஒரு உணவகத்தின் குசினியில் என்னோடு கோப்பை கழுவியவர். அங்கே சமைத்த ஸ்பெயின்கார அம்மாவிடம் அவருடைய மொழியைப் பழகினார். ஓம்ப்ரே என்றால் மனிதன், ஆம்ப்ரே பசி, ஓம்ப்ரோ தோள். குழம்பாமலிருக்க, சொல்லும்போதே நெஞ்சையும் வயிற்றையும் தோளையும் தொடுவார்.

"என்ன அண்ணை, கூத்தோ ஆடுறியள்?" என்று சிரிப்பேன்.

ஒருநாள் அந்த அம்மா வியர்த்துச் சரிந்து "...ம்ப்ர..." என்று ஏதோ முனகினார்.

"பசி போல கிடக்கு," என்றேன்.

"பொறு தம்பி."

அண்ணை தன் வயிற்றைத் தொட்டு "ஆம்ப்ரே?" என்று கேட்டார், அம்மா மறுத்தார். தோளைத் தொட்டு "ஓம்ப்ரோ?" என்றார், அம்மா ஆமென்று தலையசைத்து நெஞ்சிலும் கை வைத்தார்.

"நெஞ்சுநோ தோளுக்கு ஏறுது. அம்புலன்ஸுக்கு அடி!"

பிழைத்து வந்த அம்மா அண்ணையின் நெஞ்சைத் தொட்டு, "ஓம்ப்ரே" என்றார். அந்தச் சொல் இன்றும் மறக்கவில்லை.