கடல் போன இடத்தில் மனை

மாமல்லபுரத்தில் ஒரு காலையில் கடல் உள்வாங்கியது. பிறகு வரவேயில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் போனில் படித்த காரணங்களையெல்லாம் எதிர்ப்பட்டவர்களிடம் சொல்லித் திரிந்தேன். அப்புறம் அதுவும் அலுத்துவிட்டது.

முதல் நாளே என் அண்ணன், "தண்ணி எங்க நிக்குதுன்னு பாத்துட்டு வந்துடறேன்" என்று சேற்றில் கிழக்கே நடந்தான். திரும்பவில்லை. சேறு காய்ந்ததும் அவன் கால்தடங்கள் இறுகி நின்றுவிட்டன. அம்மா தினமும் அவற்றின் ஓரமாகப் போய் உட்காருவாள்.

சில வாரம் கழித்து, திருப்போரூர் மனை புரோக்கர் ஒருவர் ஆட்களோடு வந்து கடல்தரையில் மஞ்சள் கொடி நட்டார்.

"அண்ணாத்த, இங்க வேணாம். எங்க அண்ணன் நடந்த தடம் கீது" என்றேன்.

"இன்னா தம்பி, நாளைக்கே கடல் வந்தா எல்லாம் அழிஞ்சிடும்ல?"

"வந்துடும்னா நீ இன்னாத்துக்கு மனை போடற?" என்றாள் அம்மா.

அவர் குனிந்து தடங்களைப் பார்த்தார். பிறகு தடங்களின் இரண்டு பக்கமும் கொடி நடச் சொன்னார்.

"இத்த மட்டும் ரோடுன்னு வுட்டுடறேன்மா."

அம்மா தலையாட்டினாள். ரோடு என்றால் வண்டி ஓடுமே என்று எனக்குத் தோன்றியது. நான் சொல்லவில்லை.